அறை எண் ஏழு, பற்று

மூன்று முறை தேய்த்தேன்.
மூன்று முறையும் இயந்திரம்
நாக்கை நீட்டுவதுபோல் ஒரு சீட்டை நீட்டியது:
ஏற்கவில்லை.

கானாடுகாத்தான், காலை ஆறே கால்.
மதுரை விமானத்துக்குக் கார் வாசலில் உறுமுகிறது.
நான்கு இரவு, இரண்டு நாட்டுக்கோழி, ஒரு சலவை,
இருபத்தோராயிரத்து நானூறு.
லரிசா பையை மேசைமேல் கவிழ்க்கிறாள்.
பணமில்லை. மாத்திரைகள்.
பதினெட்டு அட்டை, வலிப்புக்கானவை,
காரைக்குடி மருந்துக்கடையில் கடைசி ரொக்கமும் கொடுத்து வாங்கியவை.
தங்கை மகனுக்காம்.
தடை வந்த பின் அவர்கள் ஊருக்கு வருவதில்லையாம்.
இந்த அட்டை கைநிறைய இருந்தது.
அந்த அட்டைதான் செல்லவில்லை.

பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறாள்.
ஆறு வருடம் சேர்த்து வந்திருக்கிறாள்,
தரைக்கல்லில் பூத்திருக்கும் பூக்களைப் பார்க்க.

முந்தாநாள் வரவேற்பறை டிவியில்
அவள் நாட்டுக் குண்டு விழுந்த வீடு.
பாதிச் சுவர் இல்லை.
மீதிச் சுவரில் காலண்டர், தேதி கிழிக்காமல்.
ரிமோட் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.
காபி ஆறி ஏடு கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.
சாத்தப்பனின் பாட்டையா
பர்மாவில் முந்நூறு ஏக்கரை விட்டுவிட்டு
நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்.
அந்த முந்நூறு ஏக்கர் அவர் கைக்கு
எப்படி வந்ததென்று மட்டும்
இந்தத் தேக்குத் தூண்களுக்கிடையில் யாரும் சொல்வதில்லை.
"அரசாங்கம் பண்றதுக்குச் சனங்க என்ன பண்ணும், பாவம்" என்றார்.
அடுத்த மூச்சில்
"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்க."

எனக்கு ஊருணி நினைவுக்கு வந்தது.
எங்கள் தெரு ராயப்பன், தேர்தலில் ஜெயித்த மிதப்பில்,
பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையை
ராத்திரியோடு ராத்திரியாக வெட்டினான்.
அவர்கள் பயிர் பொதியிலேயே கருகியது.
இனி எங்கள் ஊருணியில்
உங்கள் தெருக் குடம் நனையக் கூடாது என்றார்கள்.
எனக்குப் பத்து வயது. மூன்று கிலோமீட்டர் நடந்தோம்.
ராயப்பன் வீட்டுக்கு லாரியில் வந்தது தண்ணீர்.

அநியாயம் என்று இங்கே முடித்துவிடலாம்.
ஆனால் அன்று ராத்திரி
மண்வெட்டிச் சத்தம் தெருவுக்கே கேட்டது.
அப்பா புரண்டு படுத்தார்.
விடிந்தபோது
எங்கள் வயலிலும் பாய்ந்திருந்தது அந்தத் தண்ணீர்.

நாற்பதாம் நாள் ராயப்பன் வாசலில்
குடத்தைப் போட்டு உடைத்தவள் என் அம்மா.
தாகம் இல்லாமல் இருந்தால் உடைத்திருப்பாளா?
தெரியவில்லை.
கூடவே நடந்த பாண்டியம்மாளுக்கு அது ஏழாம் மாதம்.
பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
புளியமரத்தடியில் உட்கார்ந்தாள்.
அதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.
எந்தப் பக்கத்தில் என்றுதான்
யாரும் சொல்லித் தரவில்லை.

"அவங்களுக்கு நீ ஓட்டுப் போட்டியா?"
கேட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.
இல்லை என்றாள்.
மாத்திரைகளை அடுக்கினாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.
பிறகு, பையைப் பார்த்துக்கொண்டே:
"முதல் தடவை போட்டேன்."

திரையில் பேரேட்டைத் திறந்தேன்.
வந்தால் வரவு. தர வேண்டியிருந்தால் பற்று.
நாட்டுப்பற்று என்று எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதி
ஹீரோ பேனா பரிசு வாங்கியிருக்கிறேன்.
அது பாக்கி என்று அப்போது தெரியாது.

பாஸ்போர்ட்டை அவளே நீட்டினாள்.
முதல் பக்கத்தைப் பார்த்தேன்.
முடி நீளமாக, இன்னும் இளமையாக, எதுவும் நடக்காத முகம்.
திருப்பிக் கொடுத்தேன்.
ஹார்ன் அடித்த டிரைவரிடம்
"போங்கண்ணே, கணக்கு முடிஞ்சிருச்சு" என்றேன்.

மூன்று மாதமாகிறது.
வரும் என்கிறேன் சாத்தப்பனிடம்.
எந்த வங்கி வழியாக என்று அவரும் கேட்பதில்லை.
இந்த மாதச் சம்பளத்திலும்
ஆயிரத்து ஐந்நூறு பிடித்திருக்கிறார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்,
நானே அடித்தது:
அறை எண் ஏழு.